மரதனில் விலகுவதற்கும் ஒரு வழி வையுங்கள்: திருகோணமலை ஏற்பாட்டுக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

திருகோணமலையில் மரதன் நடத்தும் ஏற்பாட்டுக் குழுவினருக்கும், அதற்காக வீதியை மூடித் தரும் அதிகாரிகளுக்கும் வணக்கம்.

அடுத்த ஓட்டத்துக்காக நீங்கள் அடித்திருக்கும் சுவரொட்டியில் என் படம் இருக்கிறது. தெப்பமாக நனைந்து, இடது காலை இழுத்துக்கொண்டு எல்லைக்கோட்டைத் தாண்டுகிற படம். அதன் கீழே, காயத்தையும் புயலையும் வென்ற மன உறுதி என்று போட்டிருக்கிறீர்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், சரி, அது போகட்டும். அன்று அடித்தது புயல் இல்லை. கார்த்திகை மாதத்தில் உங்கள் ஊருக்கு ஆண்டுதோறும் வருகிற வடகீழ்ப் பருவமழைதான். என்னை எல்லைக்கோடு வரை கொண்டுவந்தது மன உறுதியும் இல்லை. பாதி வழியில் ஓட்டத்தை நிறுத்திவிட நினைத்தேன். என்னை ஏற்றிக்கொள்ள வண்டி வரவில்லை. அவ்வளவுதான் கதை.

நான் ஹட்டன் பக்கத்து ஆசிரியை. எங்கள் ஊரில் சமதரையான வீதி கிடையாது. என் பயிற்சி முழுவதும் தேயிலை மலையின் ஏற்ற இறக்கத்தில்தான். இறக்கத்தில் ஓடி ஓடி முழங்காலின் வெளிப்பக்கம் வலி கண்டுவிட்டது. இடுப்பிலிருந்து தொடையின் வெளிப்புறமாக இறங்கி, முழங்காலுக்குக் கீழே எலும்பைப் பிடித்துக்கொள்ளும் தடித்த நார்ப்பட்டை ஒன்று இருக்கிறது. நெடுந்தூரம் ஓடுகிறவர்களுக்கு அந்த இடத்தில் வலி வருவது சாதாரணம். ஆரம்பத்தில் ஒன்றும் தெரியாது. கொஞ்ச தூரம் போனதும் ஊசியால் குத்துவதுபோல் தொடங்கும். அதன்பின் ஓட ஓடக் கூடுமே தவிரக் குறையாது. என்னைப் பார்த்த இயன்மருத்துவர் ஓடவே கூடாது என்று சொல்லவில்லை. "தொடங்குங்க டீச்சர். ஆனா நொண்ட ஆரம்பிச்சா அந்த இடத்திலேயே நிறுத்திடணும், இன்னும் கொஞ்சம்னு இழுக்கக் கூடாது" என்றார். அந்த நிபந்தனையோடுதான் பஸ் ஏறினேன். நிறுத்துவது என் திட்டத்தில் இருந்தது. உங்கள் திட்டத்தில்தான் இல்லை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது நிறைய இருக்கிறது. கண்டி, தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் என்று இரவெல்லாம் பஸ்ஸில் வந்து இறங்கிய எனக்கு உங்கள் ஊரில் ஒருவரையும் தெரியாது. ஆனாலும் உடுப்பில் குத்தும் இலக்கத் துண்டு வாங்கப் போன இடத்தில் தமிழிலும் சிங்களத்திலும் முகம் கோணாமல் பதில் சொன்னார்கள். அதிகாலை ஐந்து மணிக்குக் கோட்டை வாசலில் நாங்கள் நின்றபோது புள்ளிமான்கள் தூறலில் நனைந்தபடி புல் மேய்ந்துகொண்டிருந்தன. நூற்றுக்கணக்கானவர்கள் காலை உதறிக்கொண்டும் குதித்துக்கொண்டும் நின்றதை அவை சட்டையே செய்யவில்லை. மேலே கோணேசர் கோயிலில் மணி அடித்தது. அப்புறம் பாடசாலைப் பிள்ளைகளின் பாண்டு வாத்தியம். உப்புவெளி தாண்டும்வரை வீட்டு வாசல்களில் குடையோடு நின்று கைதட்டினார்கள். நம் பாடசாலை மரதன்களில் சனங்கள் படலையடியில் வாளித் தண்ணீரோடு நிற்பார்களே, அந்தப் பழக்கம் உங்கள் ஊரில் இன்னும் இருக்கிறது. நான் பிழைத்துக்கொண்டதே அந்தப் பழக்கத்தால்தான்.

இனிப் பாதையைப் பற்றி. கோட்டையிலிருந்து உப்புவெளி, சாம்பல்தீவு, நிலாவெளி வழியாக இறக்கக்கண்டிப் பக்கம் போய், அதே வழியில் திரும்புவது. வெயில் காலத்தில் அழகான பாதையாகத்தான் இருக்கும். ஆனால் கார்த்திகையில் காற்று வடகிழக்கிலிருந்து வருகிறது. போகும்போது பாதி மரதன் தூரமும் மழை முகத்தில் அடித்தது. திரும்பும்போதுதான் காற்று முதுகுப்பக்கம் வந்தது, அதற்குள் காலில் ஒன்றும் மிச்சமில்லை.

அதைவிட முக்கியமான ஒன்று. வீதியின் நடுப்பகுதி உயர்ந்தும் ஓரங்கள் சரிந்தும் இருக்கும், மழைநீர் வடிய வேண்டும் அல்லவா. நீங்கள் எங்களை இடது ஓரமாக ஓடச் சொன்னீர்கள். போகும்போதும் இடது ஓரம், வரும்போதும் இடது ஓரம். அப்படியென்றால் 42.195 கிலோமீற்றரும் இடது கால்தான் பள்ளத்தில் விழுகிறது. எனக்கு இருந்த மாதிரி வலிக்கு இதைவிட மோசமான ஏற்பாடு இருக்க முடியாது. காயமே இல்லாதவர்களும் அன்று இடுப்பையும் முழங்காலையும் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்தேன். வீதிதான் முழுக்க மூடியிருந்ததே, நடு வீதியில் ஓட விட்டிருக்கலாம். ஓரத்தில் தேங்கிய தண்ணீருக்கடியில் எங்கே குழி இருக்கிறது என்று உள்ளூர்க்காரருக்குத் தெரியும். வெளியூரிலிருந்து வந்தவருக்கு எப்படித் தெரியும்?

இறக்கக்கண்டியில் திரும்பிய கொஞ்ச நேரத்தில் ஊசி குத்தத் தொடங்கியது. நொண்டினேன். நிறுத்தினேன். தண்ணீர் மேசையில் நின்ற பிள்ளைகளிடம் கேட்டேன், ஓட முடியாதவர்களை ஏற்றும் வண்டி எங்கே என்று. "பின்னால வரும் மிஸ்" என்றான் ஒருவன். இன்னொருவன், "அது முன்னால போயிட்டுது போல" என்றான். பாவம், அவர்களுக்கு யாரும் ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை. பாதை நெடுகிலும் வண்டி வரும் என்று உங்கள் கையேட்டில் அச்சிட்டிருந்தது. மழை இன்னும் பலமானது. கடைசியில் ஒரு வீட்டுத் தாவாரத்தில் ஒதுங்கினேன். அந்த வீட்டு அம்மா துவாய் ஒன்றைப் போர்த்திவிட்டு, இஞ்சி போட்ட பிளேன்ரீ கொண்டுவந்தார். "இரிங்க மகள், மழ உடட்டும். இந்தக் காலோட எங்க போகப் போறீங்க?" என்றார்.

அவருடைய தொலைபேசியை வாங்கி, இலக்கத் துண்டின் பின்பக்கம் நீங்கள் அவசரத்துக்கென்று போட்டிருந்த எண்ணுக்கு அழைத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. அந்த அம்மா தன் மகனின் ஓட்டோவில் ஏற்றிவிடுவதாகச் சொன்னார். மகன் சந்திவரை போய்க் கேட்டுவிட்டு வந்தான். பன்னிரண்டு மணிவரை எந்த வாகனத்தையும் விடுவதில்லை என்று சொல்லிவிட்டார்களாம். பன்னிரண்டு மணிவரை அந்தத் தாவாரத்திலேயே இருந்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். என் தொலைபேசி, பணம், அடையாள அட்டை, மாற்று உடுப்பு எல்லாம் கோட்டையடியில் உங்களிடம் ஒப்படைத்த பையில் இருந்தன. பன்னிரண்டு மணிக்குப் பிறகு பைகளுக்குப் பொறுப்பில்லை என்பதும் உங்கள் கையேட்டில்தான் இருந்தது. என் பையும் உங்கள் எல்லைக்கோடும் ஒரே இடத்தில் இருந்தன. பையை எடுக்கப் போனேன். போன வழியில் ஒரு மரதனும் முடிந்துவிட்டது.

தனியாக, ஈரத் துணியோடு, கையில் காசில்லாமல், தெரியாத ஊரின் வெறிச்சோடிய வீதியில் ஒரு பெண் மணிக்கணக்கில் நடப்பது எப்படி இருக்கும் என்பதை உங்கள் குழுவில் இருக்கும் பெண்களிடம் கேட்டுப் பாருங்கள். உங்கள் குழுவில் பெண்கள் இருக்கிறார்களா என்பதும் எனக்குத் தெரிய வேண்டும்.

சாம்பல்தீவுப் பாலத்தை நெருங்கும்போது மின்னல் வெட்டியது. இரண்டு பக்கமும் வெளி, தண்ணீர். உயரமாக நிற்பது மின்கம்பங்களும் நாங்களும்தான். மின்னலுக்கும் இடிக்கும் இடையில் முப்பது விநாடிக்கும் குறைவாக இருந்தால் மின்னல் சுமார் பத்துக் கிலோமீற்றருக்குள் இருக்கிறது, உடனே ஒதுங்க வேண்டும், கடைசி இடி கேட்டு முப்பது நிமிடம் வரை வெளியே வரக் கூடாது. விளையாட்டு நடத்துகிறவர்களுக்குச் சொல்லித்தரப்படும் பாலபாடம் இது. அன்று நான் எண்ணிப் பார்த்தபோது பத்துவரைகூடப் போகவில்லை. ஆனால் ஓட்டத்தை நிறுத்தும்படி யாரும் சொல்லவில்லை. எங்களுக்கு முன்னால் போன ஒலிபெருக்கி வண்டியில் உற்சாகப் பாட்டுப் போய்க்கொண்டிருந்தது.

ஓடுகிறவர்களே சுயபுத்தியோடு நின்றிருக்க வேண்டியதுதானே என்று சிலர் சொல்வார்கள். நிற்க மாட்டார்கள். மாதக்கணக்கில் அதிகாலையில் எழும்பி, சம்பளத்தில் மிச்சம்பிடித்துச் சப்பாத்து வாங்கி, விடுமுறை எடுத்துக்கொண்டு வருகிறவர், இடி இடிக்கிறது என்பதற்காகத் தானாக நிற்க மாட்டார். பக்கத்தில் ஓடுகிறவர் நிற்காதவரை இவரும் நிற்க மாட்டார். மரதன் ஓடுகிறவர்களின் புத்தி அப்படித்தான், நானும் அந்தக் கூட்டம்தான். அதனால்தான் நிறுத்தும் அதிகாரம் வெளியே நிற்பவரிடம் இருக்க வேண்டும். 2007 ஒக்டோபரில் சிக்காகோ மரதன் நாளில் கடும் வெப்பம். ஓட்டம் தொடங்கிச் சில மணி நேரத்தில் ஏற்பாட்டாளர்கள் அதை நிறுத்தினார்கள். 2012இல் சாண்டி சூறாவளிக்குப் பிறகு நியூயோர்க் மரதனை இரண்டு நாளுக்கு முன்னால் இரத்துச் செய்தார்கள். உலகமெங்குமிருந்து ஓட்டக்காரர்கள் வந்து இறங்கிவிட்டிருந்தார்கள், திட்டித் தீர்த்தார்கள். திட்டு வாங்குவதும் ஏற்பாட்டாளரின் வேலையில் ஒரு பகுதிதான். மறுபக்கமும் இருக்கிறது. 2021 மே மாதம் சீனாவின் கன்சு மாகாணத்தில் 100 கிலோமீற்றர் மலையோட்டம் ஒன்றில் திடீரென்று ஆலங்கட்டி மழையும் குளிர்காற்றும் பிடித்துக்கொண்டன. 172 பேர் ஓடினார்கள், 21 பேர் செத்துப்போனார்கள். திருகோணமலையில் அந்த மாதிரிக் குளிர் இல்லை. ஆனால் ஓட முடியாமல் நடக்கத் தொடங்கிவிட்டால் உடம்பு சூடு உண்டாக்குவது குறைந்துவிடுகிறது. நனைந்த உடுப்பும் காற்றும் சேர்ந்தால் உங்கள் ஊரிலும் பல் கிடுகிடுக்கும். எனக்குக் கிடுகிடுத்தது.

மன உறுதி என்ற பேச்சுக்கு வருகிறேன். போலா ரட்கிளிஃப் 2003இல் லண்டனில் 2 மணி 15 நிமிடம் 25 விநாடியில் ஓடிப் பெண்களுக்கான உலக சாதனை வைத்தவர். அந்தச் சாதனை பதினாறு ஆண்டுகள் நின்றது. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில், அந்தக் கடும் வெயிலில், ஏறக்குறைய 36ஆவது கிலோமீற்றரில் அவர் நின்றுவிட்டார். வீதியோரத்தில் உட்கார்ந்து அழுததை உலகமே பார்த்தது. போட்டிக்கு முன்னால் காலில் காயம். அதற்காக எடுத்த, அழற்சியைத் தணிக்கும் மாத்திரைகள் வயிற்றைக் கெடுத்துவிட்டன, சாப்பாடு உடம்பில் ஒட்டவில்லை. பிரித்தானியப் பத்திரிகைகளில் சிலர் அவரைக் கைவிட்டுப் போனவர் என்று எழுதினார்கள். அதே ஆண்டு நவம்பரில் அவர் நியூயோர்க் மரதனை வென்றார். ஏதென்ஸில் காலை இழுத்துக்கொண்டு முடித்திருந்தால் நவம்பரில் ஓடியிருப்பாரா? 2019இல் தோஹாவில் நடந்த உலகச் சம்பியன்ஷிப்பில் வெப்பத்துக்குப் பயந்து பெண்கள் மரதனை நள்ளிரவில் வைத்தார்கள். அப்படியும் 68 பேர் தொடங்கி 40 பேர்தான் முடித்தார்கள். விலகிய 28 பேரும் அந்தந்த நாட்டின் முதல்தர ஓட்டக்காரிகள். அவர்களுக்கு மன உறுதி இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது. விலகியவர்களை அள்ளிக்கொண்டு போகச் சக்கர நாற்காலிகளும் வண்டிகளும் அங்கே தயாராக இருந்தன.

மாத்திரை என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. உப்புவெளிக்குக் கிட்ட உங்கள் முதலுதவி மேசையில், நான் நொண்டுவதைப் பார்த்ததும் ஒரு டிக்ளோபினாக் மாத்திரையை நீட்டினார்கள். நல்ல மனதோடுதான். ஆனால் மணிக்கணக்கில் ஓடி, உடம்பில் நீர் வற்றியிருப்பவருக்கு அந்த வகை வலிநிவாரணி சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும். வலி என்பது நிற்கச் சொல்லும் ஒரே சாட்சி, அதன் வாயையும் அடைத்துவிட்டால் கால் எப்படிப் பேசும்? நான் வாங்கவில்லை. எத்தனை பேர் வாங்கி விழுங்கினார்களோ. அந்த மேசையில் இருக்க வேண்டியது கட்டுத்துணி, வசலீன், காய்ந்த துவாய், ஒரு போர்வை. அப்புறம் வண்டிக்குத் தொலைபேசி எடுக்க ஒரு ஆள். உயிராபத்தான நிலை என்றால் 1990 என்ற எண்ணில் சுவசெரிய அம்புலன்ஸ் இருக்கிறது. அந்த எண் இலக்கத் துண்டில் இல்லை.

குடிநீரிலும் ஒரு திருத்தம் வேண்டும். கடைசிவரை வெறும் தண்ணீர்தான் கொடுத்தீர்கள். மெதுவாக ஓடுகிறவர், மேசைக்கு மேசை வெறும் தண்ணீரை வயிறு முட்டக் குடித்தால், இரத்தத்தில் உப்பு குறைந்துபோகும். தலைவலி, குமட்டல், குழப்பம் வரும், மோசமானால் மூளை வீங்கி உயிரே போகலாம். 2002 பொஸ்டன் மரதனை ஓடியவர்களில் 488 பேரின் இரத்தத்தைச் சோதித்தபோது 13 வீதமானவர்களுக்கு உப்பின் அளவு குறைந்திருந்தது. மழை நாளில் தாகம் அவ்வளவாகத் தெரியாது, ஆனாலும் பிள்ளைகள் அன்போடு நீட்டும்போது வேண்டாமென்று சொல்ல யாருக்கு மனம் வரும்? ஒரு லீற்றருக்கு ஒரு பைக்கற் ஜீவனி உப்புச்சர்க்கரைத் தூள் கரைத்து வைப்பதற்கு என்ன பெரிய செலவு? தாகத்துக்குக் குடித்தால் போதும் என்று ஒவ்வொரு மேசையிலும் மூன்று மொழியில் ஒரு அட்டை தொங்கவிடுங்கள். ஓட்டக்காரர்கள் படிக்காவிட்டாலும் தண்ணீர் கொடுக்கும் பிள்ளைகளாவது படிப்பார்கள்.

ஏன் கார்த்திகையில் வைக்கிறீர்கள் என்று விசாரித்தேன். கிழக்குக் கரையில் சுற்றுலாக் காலம் முடிந்து ஹோட்டல் அறைகள் காலியாகக் கிடக்கும், அதை நிரப்பத்தான் என்றார்கள். நியாயமான காரணம், உங்கள் ஊர்ப் பிழைப்பு அது. ஆனால் உங்கள் மாவட்டத்துக்கு ஆண்டில் கிடைக்கும் மழையில் பாதிக்கு மேல் ஒக்டோபர், நவம்பர், டிசம்பரில்தான் கொட்டுகிறது. 1964 டிசம்பரில் அடித்த புயலை உங்கள் ஊர்ப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2020 டிசம்பர் 2ஆம் திகதி புரெவிப் புயல் கரையேறியதும் உங்கள் கரையில்தான். இந்த மாதங்களில் வைக்கும் ஓட்டத்துக்கு மாற்றுத் திகதி இல்லாமல் இருப்பது சரியில்லை. அதற்காக மே முதல் செப்டெம்பர் வரை வையுங்கள் என்று சொல்ல வரவில்லை. கச்சான் என்கிற தென்மேல் காற்று வீசும் நாட்களில் காலை ஒன்பது மணிக்கே தார் கொதிக்கும், அதில் வேறு விதமாக ஆட்கள் விழுவார்கள். பெப்ரவரி கடைசி, மார்ச் தொடக்கம் எப்படி? மழை விலகியிருக்கும், வெயில் இன்னும் ஏறியிருக்காது, சுற்றுலாக் காலமும் தொடங்கியிருக்காது. ஹோட்டல்காரர்களுக்கும் நட்டமில்லை.

கார்த்திகைதான் என்று பிடிவாதமாக நின்றால், என்ன நடந்தால் நிறுத்துவீர்கள் என்பதைப் பதிவுக் காசு வாங்கும் முன்னாலேயே எழுத்தில் தாருங்கள். இடி எவ்வளவு கிட்ட வந்தால், வீதியில் எவ்வளவு தண்ணீர் நின்றால், காற்று எவ்வளவு அடித்தால். முடிவெடுப்பவர் யார் என்பதும் அதில் இருக்கட்டும். அது அனுசரணையாளர்களிடம் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டிய தேவையில்லாத ஒருவராக இருக்க வேண்டும். மழைக்கு ஒதுங்கப் பாதையோரப் பாடசாலைகளின் கதவுகளைத் திறந்து வையுங்கள். பைகளைப் பின்னேரம்வரை வைத்திருங்கள். கடைசி ஆளுக்குப் பின்னால் இரண்டு வான்கள் வரட்டும். ஒன்று ஆட்களை ஏற்றிக்கொண்டு கோட்டைக்குப் போகும்போது மற்றது பாதையில் இருக்க வேண்டும். ஒவ்வொரு தண்ணீர் மேசையிலும் அந்தச் சாரதிகளின் எண் ஒட்டப்பட்டிருக்க வேண்டும், அவர்கள் அதை எடுக்கவும் வேண்டும். வானில் ஏறி வருகிறவருக்கும் எல்லைக்கோட்டில் ஒரு சோற்றுப் பார்சலும் தேநீரும் கொடுங்கள். பதக்கம் வேண்டாம், அது முடித்தவர்களுக்கு.

அதிகாரிகளிடம் ஒரு கேள்வி மட்டும். வீதியை மூட அனுமதி கொடுக்கும்போது, வாகனங்கள் எத்தனை மணிவரை நிற்க வேண்டும் என்பதைக் கவனமாக எழுதுகிறீர்கள். காயப்பட்டவரை ஏற்றிக்கொண்டு ஒரு ஓட்டோ உள்ளே வரலாமா என்பதை ஏன் எழுதுவதில்லை? சந்தியில் நின்ற அலுவலர் தனக்குச் சொன்னதைச் செய்தார், அவரில் குற்றமில்லை.

என் முழங்காலைப் பற்றிக் கேட்பீர்களானால், நடக்கிறேன். படி இறங்கும்போது கைப்பிடி வேண்டும். மூன்றாம் மாடி வகுப்பறையைக் கீழ்த்தளத்துக்கு மாற்றித் தந்திருக்கிறார்கள். ஓட்டம் இன்னும் தொடங்கவில்லை. இறக்கக்கண்டியிலேயே நின்றிருந்தால் சில வாரத்தில் சரியாகியிருக்கும் என்கிறார் இயன்மருத்துவர்.

இப்போது உங்கள் சுவரொட்டி எங்கள் பாடசாலை அறிவிப்புப் பலகைக்கும் வந்துவிட்டது. உயர்தர வகுப்பில் நான்கு பிள்ளைகள் உங்கள் பத்துக் கிலோமீற்றர் ஓட்டத்துக்கு வர ஆசைப்படுகிறார்கள், நல்லாகவும் ஓடுவார்கள். அவர்கள் என்னிடம் கேட்பதெல்லாம், வலித்தாலும் நிற்காமல் ஓடினால் நம்ம படமும் வருமா டீச்சர் என்பதுதான். படம் இருக்கட்டும், அந்த வரியை எடுத்துவிடுங்கள். பெற்றோரிடம் அனுமதிக் கடிதம் வாங்கவும் பஸ் பேசவும் எனக்கு ஒரு மாதமாவது வேண்டும். வான், பை, நிறுத்தும் விதி, இந்த மூன்றுக்கும் உங்கள் பதில் அதற்கு முன்னால் எழுத்தில் வந்தால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். வராவிட்டால் அந்தக் கடிதத்தை நான் அனுப்பப் போவதில்லை.

இப்படிக்கு,
ஹட்டனிலிருந்து ஓர் ஆசிரியை